பெருநகர்ச் சுவரில் ஒரு விதை வறட்டி

காலை ஆறு மணிக்குப் பாரிமுனையில் உத்திரமேரூர் பஸ்ஸில் ஏறும்போதே எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தக்காளி விதைக்காகவா தொண்ணூறு கிலோமீட்டர் என்று வீட்டில் இவர் சிரித்தார். சிரிக்கட்டும். ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் கன்னியம்மா கொண்டுவந்த ரசத்தை ஒரு வாய் குடித்திருந்தால் இவரும் கூடவே ஓடி வந்திருப்பார். சப்பையாய், வரி வரியாய்ப் புடைத்து, நாக்கில் சுள்ளென்று புளிக்கும் நாட்டுத் தக்காளி அது.

"எங்க ஊர்ல எல்லாரும் பெங்களூர் தக்காளிக்குப் போய்ட்டாங்க. என் தங்கச்சி முனியம்மா ஒருத்திகிட்டதான் இந்த விதை கீது" என்று அவள் சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. 1982, ஆடி மாதம். விதைக்கிற பருவம்.

உத்திரமேரூரில் இறங்கும்போது மணி ஒன்பது. இட்லி சாப்பிட்டுவிட்டு, முனியம்மாவின் ஊரான பெருநகருக்குப் பஸ் பிடித்தேன். டிக்கெட் ஒரு ரூபாய். இரவு பெய்த மழையில் வயலெல்லாம் பளபளவென்று கிடந்தது.

"தக்காளி விதைக்கா வர்றீங்க? மெட்ராஸ்ல இல்லாததா?" என்றார் கண்டக்டர்.

"இல்லையே!" என்றேன் பெருமையாக.

பத்தரைக்கு முனியம்மா வீடு சேர்ந்தேன். அவள் வயலுக்குப் போயிருந்தாள். அவள் கணவர் ஏழுமலை பதறிப்போய்த் தாமே அடுப்பு மூட்டிக் காபி போட்டுக் கொடுத்தார். பாதி குடிக்கையில் முனியம்மா வந்துவிட்டாள்.

"தக்காளிப் பயத்தப் பிசைஞ்சி, சாணியோட சேத்து வறட்டி தட்டி, உள்சுவத்துல ஒட்டி வெச்சிடுவேன் அக்கா. பூச்சி அண்டாது. தோ, எடுத்தாறேன்" என்று உள்ளே போனவள் அலறினாள்.

"யோவ்! சுவத்துல இருந்தது எங்கய்யா?"

"வெளிய எல்லாம் நனைஞ்சி கீது. உள்ள ஒண்ணு நல்லா காஞ்சி கெடந்துச்சி, அடுப்புல வெச்சேன்" என்றார் அவர்.

காபியை அப்படியே வைத்துவிட்டு அடுப்பிடம் ஓடினேன். ஊரிலிருந்த மொத்த விதையும் அந்த ஒரு வறட்டிதான்! முனியம்மா வெறுங்கையால் அதை இழுத்து மண்ணில் போட்டு நெருப்பை மிதித்தாள். ஒரு பாதி கருகிவிட்டிருந்தது. மறுபாதியை உடைத்துப் பார்த்தோம். உள்ளே விதைகள் வெளுப்பாக, முழுசாக இருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஏழுமலை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

அந்த நல்ல பாதியை முனியம்மா என் துண்டில் முடிந்தாள்.

"ஐயோ, இதை நீ வச்சுக்கோ" என்றேன்.

"இன்னாக்கா நீ? இந்த ஆளு நாளைக்கும் காபி போடுவாரு. ஒன் வூட்ல காஸ் அடுப்புதான? அங்கியே பத்திரமா இருக்கட்டும்."

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். திரும்புகிற பஸ்ஸில் அந்த முடிச்சை மடியை விட்டு இறக்கவே இல்லை.

மாம்பலத்தில் எங்கள் மொட்டைமாடியில் விதைத்த ஆறாம் நாள் பச்சை தெரிந்தது. குதித்தேன் என்றால் குதித்தேன்தான். ஊரில் முனியம்மா விதைத்த கருகிய பாதியில் ஒன்றுகூட முளைக்கவில்லை என்று கன்னியம்மா வந்து சொன்னாள்.

கார்த்திகையில் முதல் பழம் சிவந்தது. "இன்றைக்கு ரசம்தானே?" என்று இவர் ஆவலாகக் கேட்டார். கொடுப்பேனா? மறுநாள் காலை அதை மடியில் வைத்துக்கொண்டு முனியம்மா வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டேன்.