கட்டில் விற்பனைக்கு, ஜூஜுவாடி

என் கணவர் போன பிறகு வீட்டில் அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது அவர் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டில்தான். ஓசூரில் நாங்கள் குடியிருந்தது ஒரு ஹாலும் ஒரு சமையலறையும் மட்டும் உள்ள வாடகை வீடு. கட்டிலை ஹாலில் போட்டிருந்தோம். கால்மாட்டில் உள்ள கைப்பிடியைத் திருகினால் தலைப்பக்கம் மெல்ல உயரும். பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் விழுந்துபோன மனிதரை அப்படி உயர்த்தி உட்கார வைத்துத்தான் கஞ்சி ஊட்டினேன்.

அதைக் கடையில் வாங்கவில்லை. அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சொன்னார்: "புதுசு வாங்காதீங்க அண்ணி. போன்ல விளம்பரம் போடறாங்க பாருங்க, அதுல தேடுனா பாதி விலைக்கும் கீழ கிடைக்கும்." அவரே தேடிக் கொடுத்தார். அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டிலிருந்து கட்டில் வந்தது. புண் வராமலிருக்கக் காற்றடிக்கும் ஏர் பெட், வாக்கர், கமோடு நாற்காலி எல்லாமே அப்படி ஒவ்வொரு வீட்டிலிருந்து வந்தவைதான். அன்று அந்தக் காசு மிச்சமாகாமல் இருந்திருந்தால் மருந்துக்குக் கையேந்தியிருப்பேன்.

காரியமெல்லாம் முடிந்ததும், பர்கூரில் படித்துக்கொண்டிருந்த என் மகள் அந்தக் கட்டிலைப் படம் எடுத்து அதே இடத்தில் விளம்பரம் போட்டுவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாள். போன் வர ஆரம்பித்தது. எடுத்ததும் வணக்கம்கூட இல்லை. "லாஸ்ட் எவ்ளோ?" என்பார்கள். நான் சொல்வதற்குள் அவர்களே ஒரு விலை சொல்லி வைத்துவிடுவார்கள். ஒருவன் தான் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, முன்பணம் அனுப்புகிறேன் என்று கட்டம் கட்டமாக ஒரு படத்தை அனுப்பி, அதை ஸ்கேன் செய்து என் ரகசிய எண்ணைப் போடச் சொன்னான்.

"பணம் எனக்குத்தானே வரணும்? அதுக்கு நான் எதுக்கு நம்பர் போடணும்?" என்று கேட்டேன். இணைப்பைத் துண்டித்துவிட்டான்.

கடைசியில் வந்தவர் பர்கூருக்கு அப்பால் உள்ள ஒரு கிராமத்து விவசாயி. மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டதாம். கட்டிலைச் சுற்றி வந்தார். கைப்பிடியைத் திருகிப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இதுல இருந்தவங்க எந்திரிச்சிட்டாங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லைங்க. என் வீட்டுக்காரரு. போயிட்டாரு."

அவர் கட்டிலின் விளிம்பை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தார். "கட்டில் என்னங்க பண்ணும்," என்று சொல்லிவிட்டுப் பணத்தை எடுத்தார். பேரம் பேசவில்லை. நாங்கள் வாங்கிய விலைக்குக் கிட்டத்தட்ட அதே விலைக்குப் போனது.

சில வாரங்களில் அவரே கூப்பிட்டு, ஒரு வீல் சேர் கிடைக்குமா என்று கேட்டார். எனக்கு ஏதோ கடை இருப்பதாக நினைத்துவிட்டார் போலிருக்கிறது. இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் தேடிப் பார்த்தேன். கிருஷ்ணகிரியில் ஒரு வீட்டில் இருந்தது. போய் வாங்கி, துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு அவருக்குக் கொடுத்தேன். என் கையில் கொஞ்சம் நின்றது. அப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கும் வேலையில் இருந்தேன். அங்கே பல நாள் நின்று வாங்கும் கூலி அது.

அப்படித்தான் இந்தத் தொழில் ஆரம்பித்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பெங்களூர் அடுக்குமாடிகளில், அப்பா அம்மா இறந்த பிறகு அவர்கள் பயன்படுத்திய பொருட்களைக் கண்ணில் படாமல் எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று வந்த விலைக்குப் போட்டுவிடுவார்கள். இந்தப் பக்கம், ஊத்தங்கரை வரைக்கும் உள்ள கிராமங்களில் அதே பொருளுக்கு எங்கே போவது என்று தெரியாமல் நிற்பார்கள். நடுவில் நான் நின்றேன். எனக்கு வண்டி ஓட்டியவர் குட்டியானை என்று சொல்லும் சின்ன லோடு வண்டி வைத்திருந்தவர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கன்னடமும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்த வாசலில் எந்த மொழி என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.

பார்க்கப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். படத்தைப் பகல் வெளிச்சத்தில், விரிப்பு இல்லாமல் எடுக்க வேண்டும். துரு இருந்தால் அதையும் எடுத்துப் போட வேண்டும். வந்து பார்த்துக் கோபப்படுவதைவிட வராமலே இருக்கட்டும். 'அவசரம்' என்று எழுதினால் விலையைப் பாதியாக்குவார்கள். ஏர் பெட்டை அரை மணி நேரமாவது கரண்டில் போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. இதெல்லாம் பழகிய பிறகு கேன்டீன் வேலையை விட்டேன். வீட்டுக்குப் பின்பக்கம் பொருள் போட்டு வைக்க ஓர் அறையும் வாடகைக்குப் பிடித்தேன். மகள் படிப்புச் செலவு இதிலிருந்துதான் போனது.

ஜூஜுவாடி விளம்பரம் வந்தது அப்படி ஓரளவு கால் ஊன்றியிருந்த சமயத்தில். படம் இருட்டாக இருந்தது. கட்டிலின் ஒரு முனையும் ஒரு போர்வையின் ஓரமும் தெரிந்தன. விலை மிகவும் குறைவு. 'அவசரம்' என்று எழுதியிருந்தது. கூப்பிட்டேன். ஒரு இளைஞன் பேசினான்.

"இன்னைக்கே எடுத்துக்கிறீங்கன்னா இன்னும் குறைச்சுக்கலாம்க்கா. அத்திப்பள்ளியில இருந்து ஒருத்தர் கேட்டிருக்காரு. நீங்க முதல்ல வந்தா உங்களுக்குத்தான்."

மத்தியானமே குட்டியானையில் கிளம்பினோம். நெடுஞ்சாலைக்குப் பின்னால், லாரி பட்டறைகளைத் தாண்டி, வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறை வீடுகள். அந்தப் பையன் வாசலிலேயே நின்றிருந்தான். உள்ளே போனேன். கட்டிலில் ஒரு பெரியவர் படுத்திருந்தார்.

வீடு மாறி வந்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தேன். "எந்தக் கட்டில்ப்பா?" என்றேன்.

"இதுதாங்கக்கா," என்றான். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "அப்பா. டாக்டரு இனிமே பண்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்லிட்டாரு. நான் கீழ பாய் போட்டுப் படுக்க வெச்சிக்கிறேன். கம்பெனியில லைனை நிறுத்திட்டாங்க, காண்ட்ராக்ட் ஆளுங்க எல்லாரையும் அனுப்பிட்டாங்க. வாடகைக்கு வீட்டுக்காரரு காலையில வந்து சத்தம் போட்டுட்டுப் போனாரு. மாத்திரையும் வாங்கணும்."

விற்பதற்கு அந்த அறையில் வேறு எதுவும் இல்லை. ஒரு அடுப்பு, இரண்டு பிளாஸ்டிக் குடம், கொடியில் துணி. அவ்வளவுதான்.

பெரியவர் கண்ணைத் திறந்திருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "குத்கோ தாயி," என்று பக்கத்திலிருந்த ஸ்டூலைக் கண்ணால் காட்டினார். உட்கார் என்கிறார். பிறகு கன்னடம் கலந்த தமிழில், மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். "எடுத்துக்கோ தாயி. கீழ படுத்தாதான் எனக்கு வசதி. விழற பயம் இல்ல."

மகன் வெளியே போய்விட்டான்.

பழக்க தோஷத்தில் என் கை கட்டிலின் கைப்பிடிக்குப் போயிருந்தது. நல்ல கட்டில். திருகு மழுங்கவில்லை. காலில் மட்டும் கொஞ்சம் துரு. அவருடைய குதிகாலில் புண் வர ஆரம்பித்திருந்ததையும் பார்த்தேன். பாயில் போட்டால் அந்தப் புண் எவ்வளவு வேகமாக முதுகுக்கு ஏறும் என்று எனக்குத் தெரியும். வாசலில் கயிற்றோடு நின்றிருந்த குட்டியானைக்காரர், "வத்து அக்கா," என்றார் தாழ்ந்த குரலில். வேண்டாம் என்று அர்த்தம். "வாங்க, போயிடலாம்."

போயிருக்கலாம். ஆனால் நான் போனால் அத்திப்பள்ளி ஆள் வருவார். அவர் வாங்கிக்கொண்டு போவார். நான் கைவைக்காமல் வந்தேன் என்ற நிம்மதி எனக்குக் கிடைக்கும். பெரியவர் பாயில்தான் கிடப்பார்.

பையனைக் கூப்பிட்டேன். காலியான கட்டிலாக இருந்தால் என்ன கொடுத்திருப்பேனோ அதைக் கொடுத்தேன். "கட்டில் இனிமே என்னுது. விளம்பரத்தை எடுத்துடு," என்றேன். என் முன்னாலேயே எடுத்தான். குட்டியானைக்காரர் கயிற்றைப் பிரிக்கத் தொடங்கினார். அவரைக் கையமர்த்தினேன்.

"இப்ப என் ரூம்ல வைக்க இடமில்ல. இங்கேயே கிடக்கட்டும். இடம் காலியானதும் வந்து எடுத்துக்கிறேன்."

"எப்ப வருவீங்கக்கா?"

"சொல்றேன்."

அவனுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கதவு நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். அழவில்லை. பெரியவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும்போது குட்டியானைக்காரர் டீசலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

இதைத் தர்மம் என்று நான் சொல்ல மாட்டேன். போட்ட பணம் முடங்கிக் கிடந்தது எனக்கு வலித்தது. மகளுக்குப் பீஸ் கட்ட வேண்டிய நேரம். யாராவது கூப்பிட்டுக் கட்டில் இருக்கிறதா என்று கேட்கும்போதெல்லாம் ஜூஜுவாடிக் கட்டில் ஞாபகத்துக்கு வரும். எப்போது வரும் என்று மனம் கணக்குப் போடும். எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது அடுத்த நிமிடம்தான் உறைக்கும். அப்போது கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவேன்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள், பம்பு சத்தம் போடுகிறது என்று யாரும் வாங்காமல் கிடந்த ஏர் பெட் ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போனேன். குட்டியானைக்காரரும் மகனும் நானுமாகப் பெரியவரைப் புரட்டி அதை அடியில் விரித்தோம். காற்று ஏறி முதுகு மேலெழும்பியதும் பெரியவர், "ஹா," என்று மட்டும் சொன்னார். எல்லையில் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்கிய முதுகு. அந்தக் காலத்தில் செக்போஸ்ட்டில் வரிசை கட்டி நின்ற வண்டிகளைப் பற்றிச் சொன்னார். பாதியில் நிறுத்தி, "என்னால உன் யாவாரம் கெடுது தாயி," என்றார்.

"மழையில கட்டில் யாரும் வாங்க மாட்டாங்கய்யா," என்றேன்.

"மழையில ஜனங்களுக்கு நோவு வராதா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. மகன் தலைப்பக்கத்தைத் திருகி உயர்த்தினான்.

மகனுக்கு வேலை இன்னும் கிடைத்திருக்கவில்லை. குட்டியானைக்காரருக்கு ஏற்றி இறக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. பக்கத்து அறை அம்மா பெரியவரைப் பார்த்துக்கொள்ள, பகலில் இவன் வண்டியோடு போய்வர ஆரம்பித்தான். கூலி வந்ததும் வீட்டுக்காரர் சத்தம் அடங்கியது. டாக்டர் சொன்னதைத் தாண்டியும் பெரியவர் இருந்தார். தை பிறப்பதைப் பார்த்தார்.

ஒரு காலை மகன் கூப்பிட்டான். "அக்கா, அப்பா போயிட்டாருக்கா."

மாலை வாங்கிக்கொண்டு போனேன். பெரியவரை வாசலில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். அறையில் ஆட்கள் உட்கார வேண்டும் என்பதற்காகக் கட்டிலை வெளியே கொண்டுவந்து சுவரோரம் சாய்த்திருந்தார்கள். எழவுக்கு வந்த ஒருவர் மகனிடம் மெதுவாக, "அது விக்கறதாப்பா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

"அது அக்காவுதுங்க," என்றான்.

காரியம் முடிந்த மறு வாரம், நான் சொல்லி அனுப்பாமலேயே, அவனும் குட்டியானைக்காரருமாகக் கட்டிலைக் கொண்டுவந்து இறக்கினார்கள். சோடா போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தான். துருப்பிடித்த கால்களுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்திருந்தான்.

"யாருக்குக் குடுப்பீங்கக்கா?"

"கேக்கறவங்களுக்குத்தான்ப்பா."

"எங்க போனாலும் நானே இறக்கி வெச்சிட்டு வர்றேன்."

அது சிங்காரப்பேட்டைக்குப் போனது. கல் குவாரியில் கால் நசுங்கிய ஒருவர் வீட்டுக்கு. நானும் போயிருந்தேன். கட்டிலை ஜன்னல் பக்கம் போடச் சொன்னவன் அவன்தான். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்கக் கூடாது, கெண்டைக்காலுக்கு அடியில் கொடுத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்க வேண்டும் என்று அந்த வீட்டு அம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தான்.

இப்போது அவனுக்கு மறுபடியும் ஒரு கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியில் ஏறிக்கொள்கிறான். என் மகளும் படிப்பை முடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறாள், இந்தத் தொழிலை விட்டுவிடச் சொல்கிறாள். விடவில்லை. கட்டில் விளம்பரத்தைப் பார்த்து யாரையாவது கூப்பிட்டால், விலை கேட்பதற்கு முன்னால், "கட்டில் காலியா இருக்குதுங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வரும், வைத்துவிடுவார்கள். சிலர், "இல்லைங்க, இருக்காங்க," என்பார்கள். அப்போது, படுத்திருப்பவருக்குப் புண் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்பேன்.