இரவல் கவசம்

என் தம்பி சினிமாவில் ஒரு பெரிய நாயகனுக்கு டூப். நாயகன் மாடியிலிருந்து குதித்தாரென்று நீங்கள் விசிலடித்தீர்களே, குதித்தது இந்தக் கழுதைதான். பதினெட்டு வருடத்தில் இரண்டு விலா எலும்பும் ஒரு முழங்காலும் போயாயிற்று. வீட்டில் பல்லியைக் கண்டால் கட்டிலில் ஏறிக்கொள்வான். நாயகனின் உடுப்பை மாட்டிவிட்டால் போதும், நடையே மாறிவிடும், பயம் இருந்த இடம் தெரியாது.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவள். அன்று காலை பழைய கிரேக்கக் காவியம் ஒன்றின் மொழிபெயர்ப்பு என் மேசைக்கு வந்தது. மாவீரன் ஒருவன் கோபித்துக்கொண்டு போருக்குப் போகாமல் உட்கார்ந்துவிடுகிறான். அவனுடைய கவசத்தை மாட்டிக்கொண்டு நண்பன் போகிறான். எதிரிகளை விரட்டியதும் திரும்பிவிடு என்று சொல்லித்தான் வீரன் அனுப்புகிறான். கவசம் தந்த மிதப்பில் நண்பன் கோட்டைச் சுவர்வரை போய்ச் செத்துப்போகிறான். தம்பிக்கும் அன்றுதான் படப்பிடிப்பு. மழைக் காட்சி, நாலு மாடி உயரம் என்று தம்பி சொல்லிவிட்டுப் போயிருந்தான். போன் அடித்தேன், எடுக்கவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கு ஓடினேன்.

நான் போனபோது ஒருமுறை குதித்து முடித்திருந்தான். போதும், உடுப்பை மாற்று என்று சண்டைப் பயிற்சியாளர் சொல்லியும், இதைவிட நன்றாகச் செய்கிறேன் என்று மறுபடி மேலே ஏறிவிட்டானாம். இயக்குநருக்குக் கசக்குமா? சரி என்றுவிட்டார். கீழே காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி மெத்தை விரித்திருந்தார்கள். ஒத்திகையில் உலர்ந்த சட்டையோடு அவன் குதித்ததை வைத்துத்தான் அந்த இடத்தைக் குறித்தார்களாம். இப்போதோ செயற்கை மழையில் ஊறி நாயகனின் நீளக் கோட்டு மூட்டையாகக் கனத்தது. முதல் தடவையே எட்டாமல் பெட்டிகளின் விளிம்பில்தான் விழுந்தானென்று ஒருவர் சொன்னார்.

நாயகன் குடைக்கடியில் உட்கார்ந்திருந்தார். யாரும் தடுப்பதற்குள் அவர்முன் போய் நின்றேன். காலையில் படித்ததையெல்லாம் படபடவென்று கொட்டினேன். "நண்பன் செத்தப்புறம் அந்த வீரன் மண்ண வாரித் தலையில போட்டுக்கிட்டு அழுதான் சார். அழுது என்ன பிரயோஜனம்? இவன் நான் சொன்னா கேக்க மாட்டான், நீங்க சொல்லுங்க."

அவர் எழுந்துபோய் ஒலிபெருக்கியை வாங்கினார்.

"கோட்டைக் கழட்டுப்பா. அது என்னோடது."

தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் கழற்றினான். நனைந்த பனியனோடு நின்று கீழே எட்டிப் பார்த்தவன், அப்படியே உட்கார்ந்துவிட்டான். இறங்கி வா என்று எல்லோரும் கத்தினார்கள், அசையவில்லை. மூச்சிரைக்க நான் படியேறினேன். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

"அக்கா, இவ்வளவு உயரத்துல இருந்தா நான் குதிச்சேன்?"

கம்பியிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.