சூரியன் மறைவதற்குள் பத்து யூதர்

முட்டாள்களுக்கு ஏற்காட்டில் ஒரு சங்கம் வைத்தால் தலைவர் பதவிக்கு என்னை எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள். யூத ஜனத்துக்காக வருடக்கணக்கில் முழங்கால் தேய ஜெபித்தவன் நான். கடைசியில் ஒரு யூதர் என் வாசலிலேயே வந்து நின்றபோது, மிளகு வியாபாரி என்று நினைத்து அவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போய் மூட்டையை அவிழ்த்துக் காட்டினேன்.

தப்பு முழுக்க என்னுடையது என்றும் சொல்ல முடியாது. தை மாதம். காப்பி பறிப்பு முடியும் தறுவாயில் கேரளத்து வியாபாரிகள் மலையேறி வந்து மிளகு விசாரிப்பது வழக்கம். வந்தவர் வெள்ளை வேட்டி, அரைக்கைச் சட்டை, கக்கத்தில் குடை, மாநிறம், நல்ல வயசு. பேசியதும் மலையாளம் கலந்த தமிழ். வேறு என்ன நினைப்பேன்? அவரும் ஒன்றும் சொல்லாமல் மிளகை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, மோந்து பார்த்து, "ஈரம் போகலை, மோனே" என்றார். விலையைக் குறைக்கப் பார்க்கிறார் என்று நான் உஷாரானேன்.

கரடியூர் போகிற வழியில் எனக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டமும் அதை ஒட்டி ஒரு ஹோம்ஸ்டேயும் இருக்கின்றன. அதைவிட எனக்குப் பெருமை, அங்கே சாப்பாட்டு அறையில் தொங்கும் படம். சுவர் அகலத்துக்குத் துணியில் எழுதியது. ஆதாமில் ஆரம்பித்து கிறிஸ்து திரும்பி வந்து ஆளப்போகும் ஆயிர வருட அரசாட்சி வரை வேதத்துத் தீர்க்கதரிசனம் முழுவதும் அதில் அடக்கம். நட்ட நடுவில் யூத தேசம். பக்கத்தில் அதன் நீல வெள்ளைக் கொடி. செய்தியில் அந்தத் தேசத்தின் பெயர் அடிபட்டால் போதும், நான் ஸ்டூல் போட்டு ஏறி, படத்தில் நாம் எங்கே வந்திருக்கிறோம் என்று குண்டூசி குத்துவேன். சபையில் எனக்குப் பட்டப்பெயர் 'கடைசிக்காலம்'. "கடைசிக்காலம் வந்தாச்சு, பாயைப் போடு" என்பார்கள்.

மிளகு பேரம் படியாததால் காப்பி கொடுக்கலாம் என்று அவரை அந்த அறைக்குக் கூட்டிப்போனேன். கொடியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இது யாரு வெச்சது?"

"நாந்தாங்க. அந்த ஜனம்னா எங்களுக்கு உசுரு."

"அவங்கள்ல யாரையாவது பாத்திட்டுண்டோ?"

"பாத்ததில்லைங்க. ஜெபிக்கிறதோட சரி."

"இப்ப பாத்துக்கோ. நான் ஜூதன். கொச்சியில பிறந்து, சின்னப் பிள்ளையில அங்கே போனவன். ரூம் கேட்டுத்தான் வந்தேன்."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சந்திப்புக்காக வாக்கியங்கள் தயாரித்து வைத்திருந்தேன். அப்போது வாயில் வந்தது இதுதான்: "அப்ப மிளகு வேண்டாமுங்களா?"

சமையலறையில் என் மனைவி சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

பெரியவர் காப்பியை ஆற்றிக்கொண்டே படத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார். "இதுல நான் எங்க இருக்கேன்?"

நான் ஸ்டூலைப் போட்டேன். "இங்கதாங்க. உங்க ஜனம் நாலு திசையிலருந்தும் சொந்த தேசத்துக்குத் திரும்பி வர்றீங்க."

"சரி, வந்தாச்சு. அப்புறம்?"

"அப்புறம் பெரிய உபத்திரவங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தாங்க."

"அப்ப நீ?"

"நாங்க அதுக்கு முன்னாடியே மேகத்துல எடுத்துக்கொள்ளப்பட்டுப் போயிருவோமுங்க."

"நல்ல ஏற்பாடு" என்றார்.

ஸ்டூலில் நின்றபடியே எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கட்டத்தை நூறு தடவை விளக்கியிருப்பேன். அதில் இருப்பவர் ஒருத்தர் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்க, ஒரு தடவையும் விளக்கியதில்லை.

அந்த நேரம் பார்த்து எங்கள் பாஸ்டர் வந்தார். அவர் என் படத்துக்குப் பரம விரோதி. வந்தவர் யாரென்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இவர் சொல்றதை மனசுல வெச்சுக்காதீங்க. உங்க ஜனத்துக்குக் கர்த்தர் கொடுத்த வாக்குத்தத்தம் எல்லாம் இப்ப சபைக்கு வந்தாச்சு. இன்னைக்கு நாமதான் ஆவிக்குரிய இஸ்ரவேல்" என்றார்.

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கொள்ளாம், நல்லாயிருக்கு! ஒருத்தர் என்னை முடிச்சு வைக்கிறார். இன்னொருத்தர் என் பேரையே எடுத்துக்கிட்டார். நான் சாதாரணமா ஒரு காரியம் கேக்கட்டுமா? இந்த மலையில வேற ஜூதங்க யாராவது வந்திருக்காங்களா?"

எதற்கு என்று கேட்டோம். அன்று அவர் மனைவியின் நினைவு நாள். கொச்சிக்காரப் பெண். பள்ளிச் சுற்றுலாவில் ஒரே ஒரு தடவை ஏற்காடு வந்து, ஏரி மேலே இறங்கும் பனியைப் பற்றி ஆயுசு முழுக்கப் பேசியவர். அதனால்தான் அந்த நாளுக்கென்று இவர் இங்கே வந்திருக்கிறார். இறந்தவர்களுக்காக அவர்கள் சொல்லும் ஒரு ஜெபம் உண்டு. சூரியன் மறைவதற்குள் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்ல முடியாது. பத்து யூதர்கள் கூடி நிற்க வேண்டும். "கொச்சியிலயே இப்ப பத்துப் பேர் தேறலை. இந்த வருஷம் இல்லைன்னு வெச்சுக்க வேண்டியதுதான். சாரமில்லை" என்றார். பரவாயில்லை என்று வாய்தான் சொன்னது. விரல் டம்ளரின் விளிம்பையே சுற்றிக்கொண்டிருந்தது.

பாஸ்டரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எந்த உபதேசத்திலும் ஒத்துப்போகாத நாங்கள் ஒரே நேரத்தில் ஃபோனை எடுத்தோம்.

ஒரு தேசத்தையே நாலு திசையிலிருந்தும் துணியில் கூட்டிச் சேர்த்த எனக்குப் பத்துப் பேர் ஒரு விஷயமா என்று இறங்கினேன். வழக்கமாக வரும் ஜீப் டிரைவரைக் கூப்பிட்டேன். சேர்வராயன் கோயில் பக்கத்து விவசாயி. சீசனில் ஜீப் ஓட்டுவார்.

"ஏனுங்கண்ணா, அவிய பாக்க எப்படிங்க இருப்பாங்க?"

"தாடி இருக்கும், குல்லா போட்டிருப்பாங்க."

இந்த லட்சணத்தை நம்பி அவர் முதல் ட்ரிப்பில் ஏற்றிக்கொண்டு வந்தது பஜாரில் சால்வை விற்கும் காஷ்மீர் பாயை. பாய் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நான் இல்லை. ஆனா ஏரிக்கரை லாட்ஜில ஒரு பைக் கோஷ்டி இருக்கு, அவங்க பேசுறது அந்த ஊர் பாஷை மாதிரி இருந்துச்சு" என்று துப்பு கொடுத்தார். நானும் சும்மா இருக்கவில்லை. ஏரிக்கரையில் போட்டிங் டிக்கெட்டுக்கு நின்ற ஒரு வெள்ளைக்காரரிடம் போய், "நீங்கள் தேவனால் தெரிந்துகொள்ளப்பட்ட ஜனமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் வரிசையை விட்டே போய்விட்டார்.

பாஸ்டருக்கு என்னைவிட விவரம் உண்டு. சபையில் ஒருவருக்குத் தர்மபுரி பக்கம் குடைமிளகாய்ப் பண்ணை. சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்க அந்தத் தேசத்து இன்ஜினியர்கள் வந்து சேலத்தில் தங்கியிருந்தார்கள். பாஸ்டர் அவர்களை ஃபோனில் பிடித்து, "ஒரு பெரியவர் தன் சம்சாரத்துக்காகக் காத்திட்டிருக்கார்" என்று மட்டும் சொன்னாராம். மூன்று பேரும் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார்கள்.

பைக் கோஷ்டி லாட்ஜில் தூங்கிக்கொண்டிருந்தது. கொடைக்கானலில் இருந்து பெங்களூருக்குப் போகிற வழி. என் ஆங்கிலத்தைக் கேட்டுக் கதவைச் சாத்தப்போனார்கள். நான் பெரியவருக்கு வீடியோ கால் போட்டு ஃபோனை உள்ளே நீட்டினேன். அவர் அவர்கள் மொழியில் இரண்டே வார்த்தைதான் பேசினார். உள்ளே செருப்புத் தேடும் சத்தம் கேட்டது.

எங்கள் காப்பிக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பியை என் மனைவியும் வேலைக்கு வந்த பெண்களும் கூட்டி ஒதுக்கி இடம் பண்ணியிருந்தார்கள். ஜீப் முதலில் வந்தது, அதன் பின்னால் பைக்குகள். டிரைவர் இறங்கி, "திருவிழாவுக்குக்கூட நான் இப்படி அடிச்சு ஓட்டுனதில்லைங்க" என்றார். கொண்டை ஊசி வளைவுகளில் சேலத்துக் கார் ஹாரன் அடித்துக்கொண்டு ஏறுவது கீழேயிருந்து கேட்டது. சில்வர் ஓக் மரங்களின் நிழல் களத்தை முழுக்க மூடிவிட்டது. கார் வந்து நின்றது. இன்ஜினியர்கள் கதவைச் சாத்தக்கூட இல்லை, ஓடி வந்தார்கள்.

எண்ணிப் பார்த்தால் ஆண்கள் ஒன்பது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. பாஸ்டர், "நான் நின்னா ஆகாதுங்களா?" என்று பரிதாபமாகக் கேட்டார். ஆவிக்குரிய இஸ்ரவேல் செல்லாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. பைக் கோஷ்டியில் ஒரு பெண்ணும் இருந்தாள், ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக. அவர்கள் முறையில் பழைய ஆட்கள் பெண்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று ஒரு இன்ஜினியர் சொன்னார். எல்லோரும் பெரியவரைப் பார்த்தார்கள். பெரியவர் சூரியனைப் பார்த்தார், அப்புறம் அந்தப் பெண்ணை.

"என் பாரியா உயிரோட இருந்திருந்தா முதல்ல இவளைத்தான் எண்ணியிருப்பா. வா மோளே."

அவள் வந்தாள். பத்து!

தலையை மூட வேண்டுமாம். இன்ஜினியர்களிடம் தொப்பி இருந்தது. ஒரு பையன் என் மனைவியின் குரங்குக் குல்லாவைப் போட்டுக்கொண்டான். ஒருவன் ஹெல்மெட்டோடு நின்றான். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பேச்சு வந்தபோது பாஸ்டரும் நானும் ஒரே திசையில், யூத தேசம் இருக்கும் மேற்கே, கை நீட்டினோம். எங்கள் வரலாற்றில் அது முதல் தடவை.

பெரியவர் ஆரம்பித்தார். குரல் முதல் வரியில் உடைந்தது, பிறகு நிமிர்ந்தது. பையன்களில் பாதிப் பேருக்கு ஜெபம் மறந்துபோய், ஃபோனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் அவர் நிறுத்திய இடத்தில் பத்துப் பேரும் "ஆமென்" என்றார்கள். அது எனக்குத் தெரியும்! எங்கள் சபைக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதானே. அடுத்த நிறுத்தத்தில் களத்தின் ஓரத்திலிருந்து பாஸ்டர், நான், என் மனைவி, காப்பி அள்ளும் பெண்கள் எல்லோரும் சேர்ந்து "ஆமென்" என்றோம். அதற்கு அடுத்ததில் ஜீப் டிரைவரும், கடையைச் சாத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த காஷ்மீர் பாயும் சேர்ந்துகொண்டார்கள். மலை திருப்பிச் சொன்னது. பெரியவர் ஒரு கணம் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் குரல் தாழவே இல்லை. கடைசி ஆமென் முடிந்தபோது மேற்கில் சூரியனில் ஒரு சிவப்புக் கீற்று இன்னும் மிச்சம் இருந்தது.

பையன்கள் அவரைக் கட்டிக்கொண்டார்கள். இன்ஜினியர்கள் பாஸ்டரின் கையை விடவில்லை. டிரைவர் விசிலடித்தார். உலகக் கோப்பை ஜெயித்த அணியின் கேப்டன் போல நான் நெஞ்சை நிமிர்த்தி அவரிடம் போனேன். அப்போதும் என் நாக்கு சும்மா இருக்குமா?

"ஐயா, கொடைக்கானல், தர்மபுரி, கொச்சின்னு நாலு திசையிலருந்தும் கூட்டிச் சேர்த்தாச்சுங்க. தீர்க்கதரிசனம் இன்னைக்கு நிறைவேறிடுச்சுன்னு சொல்லலாமுங்களா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "முதல்ல பிள்ளைகளுக்குச் சோறு போடு."