நீக்கிலாவின் பிள்ளை

சனிக்கிழமைகளில், குடியேறி வந்த பிரெஞ்சு நகரத்தின் வில்லரே மெட்ரோ ரயில் வாசலில் நீக்கிலாப்பிள்ளை ஒரு படத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு நிற்பார். தடியில் கட்டி அதைத் தூக்கிப் பிடித்திருப்பவரும் அவர்தான். படத்திலிருப்பவன் ரஷ்யாவில் சிறையிலிருக்கும் ஒரு வாத்தியார். செச்சினியாவுக்குச் சண்டைக்குப் போகாதே என்று, படைக்கு அழைக்கப்பட்ட பொடியன்களுக்குத் துண்டுப்பிரசுரம் கொடுத்தவன்.

"ரெண்டு பக்கமும் துவக்கைக் கீழ வைக்கோணுமாம். அடிக்கிறவனும் அடி வாங்கிறவனும் உனக்கு ஒண்டோடா, விசரா?" என்று படத்தைக் கேட்பார். உடனே திரும்பி, போகிறவர்களுக்கு ஒரு 'போன்ஜூர்' வைத்து, அதே விசரனை விடுவிக்கக் கையொப்பம் கேட்பார்.

மன்னாரில் மொஸ்கோச் சார்புக் கம்யூனிஸ்ட் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவர். ஞாயிறு பூசையையும் தவறவிடாதவர். கட்சிக்கும் பங்குச் சுவாமிக்கும் அவர்மேல் ஒரே அளவு சந்தேகம்.

அவரை இதற்குள் இழுத்து வந்தது கைதியின் பெயர்: அந்திரேய் நிக்கொலாயெவிச். "நிக்கொலாய் எண்டா நீக்கிலா. எவிச் எண்டா பிள்ளை. அப்ப உவன் ஆர்? நீக்கிலாப்பிள்ளை!" ரஷ்யாவில் இப்படி லட்சம் நீக்கிலாப்பிள்ளைகள் உண்டென்று சொல்ல எவருக்கும் மனம் வரவில்லை.

போன பெப்ரவரியில் இடி விழுந்தது. நீதிமன்றத்தில் வாத்தியார் பேசிய பேச்சை நீதிபதி பாதியில் மறித்துவிட்டார். அதை முழுதாக, அவரவர் மொழியில், ரஷ்யத் துணைத் தூதரக வாசலில் வாசிப்பதென்று, அவனை விடுவிக்கக் கையொப்பம் சேர்க்கும் குழு தீர்மானித்தது. குழுவை நடத்தும் செலீன் பிரெஞ்சுப் பிரதியைக் கொடுத்தாள். தமிழுக்கு நீக்கிலாப்பிள்ளை. குசினி மேசையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவர் மூன்றாம் பக்கத்தில் உறைந்துபோனார். எழுந்து, மூலையில் சாத்தியிருந்த படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

"லெனினைக் கொலைகாரன் எண்டுறான்! இந்தச் சண்டைக்கு விதை போட்டதே லெனின்தானாம்! ரெண்டு மாரி குளிருக்க நிண்டனானே, இவனுக்கே?"

உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு யோகேந்திரன் சிரிப்பை விழுங்கினான். "அந்த வரியை விடுங்கோ, அண்ணை. அங்க ஆருக்குத் தமிழ் விளங்கப்போகுது?"

இரண்டாவது அதிர்ச்சி முதலாவதைவிடப் பெரிது.

"விடுறதோ? அப்ப எனக்கும் அந்த நீதவானுக்கும் என்னடா வித்தியாசம்? குருத்தோலை ஞாயிறுக்கு ஆண்டவரின்ர பாடு வாசிக்கேக்க யூதாசின்ர வசனத்தை விட்டுட்டே வாசிக்கிறம்? அதையும் ஒராள் வாசிக்கத்தானே வேணும்."

"அப்ப யூதாஸ் நீங்களோ?"

"பொத்தடா வாயை!"

வாசிப்பு நாளன்று நல்ல பனி. ஒலிவாங்கி கைக்கு வந்ததும் இரண்டு பக்கங்களை மணிமணியாக வாசித்தார். மூன்றாவதில் குரல் நின்றது. யோகேந்திரன் நிலத்தைப் பார்த்தான். ஒரு சொல்லும் விளங்காத செலீன் உருக்கமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். நீக்கிலாப்பிள்ளை அந்த வரியை எழுத்துப் பிசகாமல், மற்ற எல்லாவற்றையும்விட உரத்து வாசித்தார். பிறகு ஒலிவாங்கியை மரியாதையாக ஒரு பக்கம் விலக்கிப் பிடித்து, பனியில் காறித் துப்பிவிட்டு, அடுத்த வரிக்குப் போனார்.