மாமியின் பங்கு

செத்துப்போன மாமி, மனைவியின் தாய், என் உழைப்பில் தினமும் பங்கு எடுக்கிறார் என்று நான் நம்பினேன். ஐம்பதைத் தொடப்போகிற, மீசை நரைத்த ஆள் நான். அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வீடு மாமி கட்டியது, மனைவிக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெட்டியோடு பெண் வீட்டுக்குப் போக வேண்டும். ஆகவே அங்கே நான் எப்போதும் அரை விருந்தாளி. மாமி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை மூலைப் பானையில் போட்டு வைப்பார், இல்லாத நாளுக்கு. அவர் போனபின் அந்தப் பானையை யாரும் தொட்டு நான் பார்க்கவில்லை.

ஆட்டோ ஓடிக் கொண்டுவரும் காசைச் சட்டைப் பையோடு கதவில் கொழுவுவேன். அது குறையத் தொடங்கியது. மாரி மழைக்கு முன் குசினிக் கூரைக்குத் தகரம் மாற்ற வேண்டும். போன மாரியில் அடுப்புக்குள் தண்ணீர் நின்றது. சேரவேண்டிய காசோ சேரவில்லை.

ஒரு மைமல் பொழுது, இருட்டிக்கொண்டு வருகிற நேரம். கரண்ட் இல்லை. வாவியிலிருந்து காற்றும் இல்லை. இருண்ட குசினியில், மண்பானைக்குள் அரிசி விழுகிற சத்தம். ஒரு பிடி. பிறகு ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தேன், ஆள் இல்லை, பின்கதவு மட்டும் மெல்ல ஆடியது. பானையைத் தூக்கினேன். கனத்தது. என் கால்கள் என்னைக் கேளாமலே முற்றத்துக்கு வந்துவிட்டன.

அதற்குப் பிறகு, "மாமி, தண்ணி எடுக்க வாறன்" என்று குரல் கொடுத்துவிட்டே குசினிக்குள் போனேன். ஒரு தரம் உள்ளேயிருந்து கூரைத் தகரம் முனகியது. தண்ணீர் குடிக்காமலே படுத்தேன்.

கடைசியில் கிரான் ஊரில் மந்திரிக்கிற ஒருவரைப் பிடித்தேன். அவர் கேட்டது, தகரத்துக்கென்று மிஞ்சியிருந்த அவ்வளவும். அலுமாரியைத் திறந்தபோது மனைவி பின்னால் நின்றாள்.

"ஆருக்கு அந்தக் காசு?"

"மாமிய அனுப்ப. மனிசி இன்னும் போகல்ல புள்ள. என்ட பையில கைய வைக்குது."

அவள் சிரிக்கவில்லை.

"அதுக்கு அம்மா வரோணுமா? நான் இருக்கன்தானே."

"அப்ப பானை?"

"உல வைக்கக்குள்ள ஒரு பிடி அரிசி. உங்கட பையில ஒரு தாள். ரெண்டும் அதுக்குள்ளதான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா லொத்தர் சீட்டு எடுக்கக் கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பேன்.

அரிசியைக் கொட்டித் தாள்களைப் பொறுக்கினோம். அலுமாரியில் இருந்ததோடு சேர்த்துத் தகரத்துக்குக் காணும். ஆணிக்குப் போதவில்லை, கடைக்காரர் கடனுக்குத் தந்தார். மழை பிடிக்குமுன் கூரை போட்டாயிற்று.