பூடில் குட்டியும் நான் சொன்ன பொய்யும்

இரண்டு வருடங்களுக்கு முன், பாகூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்திலிருந்து பூடில் நாய்க்குட்டி வாங்க அரியூருக்குப் போனோம், நானும் என் பத்து வயது மகளும். அங்கே ஓர் அக்கா வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக்கொண்டு, ஒரு ஜோடி பூடிலும் வளர்த்து வந்தார்.

நல்ல குட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வாரமாக வீடியோ பார்த்திருந்தேன். நான்கு குட்டிகளையும் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கண்ணில் பீளை இருக்கிறதா, காது நாறுகிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா... தாய் நாயையும் கொண்டுவரச் சொன்னேன். தடுப்பூசி அட்டையை இரண்டு முறை படித்தேன். அக்கா முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் காட்டினார். அதற்குள் செம்பழுப்பு நிறக் குட்டி ஒன்று என் மகள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

அப்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க வூட்ல இதுக்கு முன்னாடி நாய் எதுனா சீக்கு வந்து செத்துச்சாம்மா?"

செத்திருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் எங்கள் நாட்டு நாய்க்குட்டி பார்வோ நோயில், ரத்தமாகப் பேதியாகிச் செத்துப்போனது. ஒரு வருடத்துக்கு வேறு குட்டி கொண்டுவர வேண்டாம் என்று அதைப் பார்த்த பாகூர் டாக்டரும் சொல்லியிருந்தார். ஆனால் உண்மையைச் சொன்னால் குட்டியைத் தரமாட்டாரோ என்று பயம். "இல்லக்கா, இதான் மொத நாயி" என்றேன். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

அந்தச் செம்பழுப்புக் குட்டியை வாங்கி வந்த ஆறாம் நாள் அது சாப்பிடவில்லை. மதியத்துக்குள் வாந்தி, பிறகு அதே ரத்தப் பேதி. எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. இருந்தும் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு நேராக அரியூருக்குப் போய், அக்கா வீட்டு வாசலில் நின்று கத்தினேன். "சீக்குக் குட்டிய எந்தலையில கட்டிட்டியே, நீயெல்லாம் இன்னா பொம்பள?"

பிளவுஸ் வாங்க வந்தவர்கள், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லோரும் பார்த்தார்கள். குட்டி பார்க்க வந்திருந்த ஒருவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. தைத்துக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். "மத்த மூணும் நல்லாத்தாம்மா ஓடுது. சண்டைய அப்பறம் போடலாம், மொதல்ல டாக்டராண்ட போவலாம் வா" என்று என் ஸ்கூட்டியில் ஏறி, குட்டியை மடியில் வாங்கிக்கொண்டார்.

வில்லியனூரில் டாக்டர் டிரிப்ஸ் ஏற்றும்போது குட்டியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தது அவர்தான். டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னேன். தலை நிமிரவில்லை.

"அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல இருக்கும்மா. உங்க வூட்லதான் ஒட்டியிருக்கும்" என்றார் டாக்டர்.

அக்கா காலைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா. ஊசி எல்லாம் முடியற வரிக்கும் நானே வச்சிருந்து, உம் பொண்ணுக்குத்தான குடுத்திருப்பேன்."

குட்டி ஒரு வாரம் போராடிப் பிழைத்தது. பிறகு அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அப்போது நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். தெருவே கேட்கக் கத்திய எனக்கு, அதே வாசலில் நின்று "தப்பு என்னுது" என்று சொல்லும் தைரியம் இன்றுவரை வரவில்லை. அதனால்தான், அந்தத் தெருவில் யாராவது ஒருவர் கண்ணிலாவது படட்டும் என்று இதை எழுதுகிறேன்.