கை நீட்டும் காட்சி

சேலை கட்டினால் அப்பா அம்மாவைவிட நளினமாக நடப்பார். திருவண்ணாமலைப் பக்கம் கூத்தில் பெண் வேஷம் கட்டியவர். பெங்களூருக்குப் பிழைக்க வந்து, ஈஜிபுராவில் ஒற்றை அறையில் குடியிருந்து, கட்டட வேலை பார்த்தார். எனக்கு ஒன்பது வயதில், மேஸ்திரியோடு சிரித்துப் பேசினாள் என்று அம்மாவைத் துரத்திவிட்டார். அம்மா ஒரு துணிப்பையோடு சந்தாபுராவில் சித்தி வீட்டுக்குப் போனாள். நானும் அப்பாவும் கடையில் சாப்பிட்டோம். சில நாள் அதுவும் இல்லை.

அப்போதுதான் மல்லேஸ்வரத்திலிருந்து சில ஐ.டி. பிள்ளைகள் அப்பாவைத் தேடி வந்தார்கள். நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ் நாடகத்தைத் தமிழில் போடுகிறார்களாம். அந்தக் காலத்தில் அங்கேயும் ஆண்தான் பெண் வேஷம் கட்டுவானாம். கதாநாயகியைப் புருஷன் வீண் சந்தேகத்தில் துரத்துகிறான். அவள் ஆண் உடுப்பில் அவன் பின்னாலேயே போய், கத்தி சுழற்றி அவன் உயிரைக் காக்கிறாள். கடைசியில் தன்னைக் காட்டிக்கொண்டு, மறுபடி சேர்ந்து வாழ அவனிடமே கை நீட்டுகிறாள்.

கத்திச்சண்டை அப்பாவுக்கு உடனே வந்தது. கை நீட்டுவது வரவில்லை.

“இவ கோவக்காரியா, பொறுமைக்காரியா? ஒண்ணச் சொல்லும்மா, ஆடிடறேன்.”

“ரெண்டும்தான் அண்ணா. பெரிய மனசு அவளுக்கு” என்றாள் நாடகத்தை நடத்திய அக்கா.

புருஷனாக நடித்தவன் சிரித்தான். “மனசெல்லாம் இல்லண்ணா. போக்கிடம் இல்ல.”

அப்பா இரண்டையும் கேட்டுக்கொண்டு பீடி பற்றவைத்தார்.

நாடகத்தைப் பார்த்தால் அம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பது என் எண்ணம். சித்தியிடம் அழுது அடம்பிடித்து, ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அரங்குக்கு வரவைத்தேன்.

கடைசிக் காட்சி. வேலைக்காரனாக நடித்தவர் அப்பாவின் பழைய கூட்டாளி, கூத்தில் கோமாளி. கூத்தில் கோமாளி யாரையும் எதையும் கேட்கலாம். அந்தப் பழக்கத்தில், நாடகத்தில் இல்லாத கேள்வியைக் கேட்டுவிட்டார்.

“ஏம்மா, தெருவுல தள்ளனவன்கிட்டயே போறியே, இன்னா நெனச்சிக்கினு போற?”

கூத்தாக இருந்தால் அப்பா சட்டென்று பதில் சொல்லியிருப்பார். அன்று கையை மட்டும் நீட்டினார். கண்மை கரைந்து கன்னத்தில் வழிந்தது. கூட்டம் கைதட்டியது. “எப்படி மன்னிக்கிறா பாரு” என்றார் பின்வரிசையில் ஒருவர். “பாவம், வேற வழி?” என்றாள் பக்கத்திலிருந்தவள்.

அம்மா மட்டும் தட்டவில்லை. “உங்கப்பனுக்கு அவளத் தெரியல. அவ அழுவ மாட்டா” என்றாள்.

வெளியே, சேலையோடும் கரைந்த மையோடும் அப்பா வந்து அம்மாவின் முன்னால் நின்றார். மேடையில் நீட்டியதைப் போலவே கையை நீட்டினார். அம்மா அதைப் பிடிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஈஜிபுரா பஸ்ஸில் ஏறினாள்.

மறுவாரம் சித்தி துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா அதைக் காலி செய்யாமல் கதவோரத்து ஆணியில் மாட்டினாள். துணியை அதிலிருந்து எடுப்பாள், துவைத்து மடித்து மறுபடி அதிலேயே வைப்பாள். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு ஊர் சுற்றக் கிளம்பிய நாளிலும் பை அங்கேயே தொங்கியது.

வீட்டில் பீரோ இல்லையே, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.